படுத்தாலும் விடாத குறுக்கு வலி

[காட்சி: பாம்பன் கரை, விடியற்காலை. வலையை வள்ளத்தில் ஏற்றுகிறார்கள்.]

பாம்பன், மண்டபம், கீழக்கரைன்னு எந்தக் கரையில கேட்டாலும் 'குறுக்கு வலிக்குது'ன்னு சொல்லாத ஆள் கிடையாது. வலை இழுத்தா வலிக்கும், ஐஸ் பெட்டி தூக்குனா வலிக்கும். ரெண்டு நாள் படுத்தா விட்டுரும். நாம பேசப் போறது படுத்தாலும் விடாத வலி.

ராத்திரி புரண்டு படுத்தா சுண்டி இழுக்கும். சாயங்காலம் லேசா காய்ச்சல். கைலி இடுப்புல நிக்காத அளவுக்கு உடம்பு இளைக்கும். வாரக்கணக்குல இப்படின்னா, முதுகெலும்புல கிருமி இறங்கியிருக்கலாம்.

[படம்: முதுகெலும்பு. ரெண்டு எலும்புக்கு நடுவில் வட்டு.]

நம்ம நாட்டுல முதல்ல சந்தேகப்பட வேண்டியது காசநோய். இருமலே இல்லாமலும் வரும். 1779-லயே பெர்சிவல் பாட்-னு ஒரு லண்டன் டாக்டர் இதைப் பத்தி எழுதிட்டார். இதுல ஒரு விசித்திரம் இருக்கு: முதுகுல பிடிச்ச சீழ், தசை வழியா வழுக்கி இறங்கி தொடை இடுக்குல கட்டியா வந்து நிக்கும். சூடும் இருக்காது, சிவப்பும் இருக்காது. நெறி கட்டியிருக்குன்னு நினைச்சுப் பத்து போட்டுட்டு உக்காந்திருப்போம்.

[காட்சி: பாசி எடுக்கும் பெண்ணின் கை. விரல்களில் துணிச் சுற்று.]

இன்னொன்னு, புண்ணு வழியா ரத்தத்துல ஏறுற சீழ்க் கிருமி. பாசி எடுக்குற அக்காமாருக்குப் பவளப்பாறை கீறாத நாள் ஏது? ஆறாத புண்ணோட சர்க்கரையும் இருந்தா ஆபத்து கூடுது. காய்ச்சாத ஆட்டுப்பால்ல வர்ற புருசெல்லா கிருமியும் முதுகைப் பிடிக்கும்.

ஆரம்பத்துல எக்ஸ்ரேயில ஒண்ணும் தெரியாம போகலாம். எம்ஆர்ஐ காட்டிக் கொடுக்கும். எந்தக் கிருமின்னு தெரிய, ஊசியால கொஞ்சம் எடுத்துச் சோதிக்கணும். அதுக்கு முன்னாடி கண்ட ஆன்டிபயாடிக்கைப் போட்டா சோதனையில கிருமி சிக்காம போகலாம். 'வலிக்கு ஒரு ஊசி' போட்டுக்கிட்டு மறுநாள் கடலுக்குப் போறவங்களைப் பார்த்தா எனக்குக் கோபம்தான் வரும். அந்த ஊசியில வீக்கத்தை அடக்குற ஸ்டீராய்டு மருந்து இருந்தா வலி அடங்கும், கிருமி பெருகலாம்.

சீழ்க் கிருமிக்குப் பொதுவா 6 வாரம் மருந்து. முதுகெலும்புக் காசநோய்க்குக் குறைஞ்சது 12 மாசம், அரசு ஆஸ்பத்திரியில இலவசம். காசநோய் மாத்திரை ஆரம்பிச்ச முதல் வாரமே மூத்திரம் ஆரஞ்சு நிறத்துல போகும். ரத்தம்னு பயந்து மாத்திரையை நிறுத்தாதீங்க, அது ரிஃபாம்பிசின் மருந்தோட சாயம். ஆனா கண் பார்வை மங்குனாலோ, கண்ணு மஞ்சளிச்சாலோ உடனே டாக்டர்கிட்ட சொல்லணும். சில மாசத்துல வலி குறைஞ்சிரும். நிறையப் பேர் மருந்தை விடுறது அப்பத்தான். விட்டா, திரும்பி வர்ற கிருமி பழைய மருந்துக்கு அடங்காம போகலாம்.

கீறுன கை, காலை நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவிக் கட்டுங்க. பாலைப் பொங்கக் காய்ச்சுங்க. வீட்டுல ஒருத்தருக்குக் காசநோய்னா மத்தவங்களும் சோதிச்சுக்கணும்.

[காட்சி: இரவு. வாசலில் 108 ஆம்புலன்ஸ்.]

கால் மரத்துப் போகுது, செருப்பு நழுவுனது தெரியல, மூத்திரம் அடைச்சிருச்சு. இதுல எது வந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க. பைக்ல நடுவுல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போகாம, படுக்க வச்சே கொண்டு போங்க.