120 ரூபாய் டிக்கெட், 6,480 ரூபாய் செலவு: மீதி எங்க போச்சு?

[காட்சி: சமையலறை மேடை. கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பேனாவால் எழுதிய கணக்கு. கேமரா மெல்ல நெருங்குகிறது.]

இந்தத் தாளைப் பாருங்க. போன வருஷம் மே மாசம், ஒரு ஞாயித்துக்கிழமை, மாமல்லபுரம் போயிட்டு வந்த ராத்திரி எங்க அத்தை உட்கார்ந்து எழுதின கணக்கு. கார் வாடகை 3,200. மதியச் சாப்பாடு 1,870. தண்ணி பாட்டில், ஐஸ்கிரீம், இளநீர், குதிரை சவாரி, சங்கு பொம்மை எல்லாத்தையும் சேர்த்து "இதர" 1,290. கடைசி வரி, டிக்கெட் 120. மொத்தம் 6,480.

நாங்க அஞ்சு பேர். நான், அவர், அத்தை, ஒன்பது வயசுப் பையன், நாலு வயசுப் பொண்ணு. அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. எதைப் பார்க்கணும்னு தாம்பரத்துல இருந்து கிளம்பினோமோ, அதுக்கு ஆனது 120 ரூபா! தொல்லியல் துறை டிக்கெட் பெரியவங்களுக்கு ஆளுக்கு 40. பதினஞ்சு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்களுக்குக் கிடையாது. அந்த ஒரே டிக்கெட்ல கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் ரெண்டையும் அன்னைக்கே பார்த்துக்கலாம். அர்ச்சுனன் தபசுக்கு டிக்கெட்டே வேண்டாம், ரோட்டுல நின்னே பார்க்கலாம்.

அப்ப மீதி 6,360 ரூபா? போற வழிக்கும், பசிக்கும், தாகத்துக்கும், "அம்மா அது வேணும்"க்கும்.

[காட்சி: மேடையில் இரண்டாவது தாள். அதே கையெழுத்து. மொத்தம் 2,100.]

இது இந்த வருஷம் ஜனவரில எழுதினது. அதே அஞ்சு பேர், அதே ஊர். அதுவும் இந்தத் தடவை வஞ்சிரம் வறுவல் சாப்பிட்டோம், போன தடவை அதைச் சாப்பிடல. எப்படின்னு ஒவ்வொண்ணா சொல்றேன்.

முதல்ல போக்குவரத்து. தாம்பரத்துல இருந்து கேளம்பாக்கம், திருப்போரூர் வழியா 515 பஸ் இருக்கு. 2021-ல இருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல, முன்பக்கம் பிங்க் கலர் அடிச்சிருக்குமே, அந்த பஸ். அஞ்சு வயசுக்குள்ள பிள்ளைக்கும் டிக்கெட் இல்ல. ஆனா ஒண்ணு. பிங்க் பஸ்தான் வரணும்னு நாப்பது நிமிஷம் வெயில்ல குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்காதீங்க. அந்த நேரத்துல ரெண்டு ஜூஸ் வாங்கிக் குடிச்சா மிச்சப்படுத்தின காசு அங்கேயே போயிடும். எது முதல்ல வந்து உட்கார இடமும் இருக்கோ, அதுல ஏறுங்க. எங்களுக்குப் போக வர 300 ஆச்சு.

அத்தைக்கு முட்டி வலி. அதனால ஊருக்குள்ள ரதத்துக்கு மட்டும் ஆட்டோ வச்சுக்கிட்டோம், 150. இங்க கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. பெரியவங்களை நடக்க வச்சு மிச்சம் பிடிச்ச காசு, மறுநாள் டாக்டர்கிட்ட போகும்.

[காட்சி: இட்லித் தட்டு, மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய், வாட்டிய வாழையிலை. கைகள் மட்டும் தெரிகின்றன.]

அடுத்தது கட்டுச்சாதம். இதைக் கொஞ்சம் நிதானமா பார்க்கலாம், ஏன்னா இங்கதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. இட்லியைச் சூடா கட்டினா வேர்த்து, நசநசன்னு ஆயிடும். எடுத்துத் தட்டுல பரப்பி, நல்லா ஆறவிடுங்க. பொடியை நல்லெண்ணெய்ல கொஞ்சம் தளரக் குழைச்சு ரெண்டு பக்கமும் தடவுங்க. இலையை அடுப்புத் தணல்ல ஒரு தடவை காட்டினா கிழியாது. அதுல அடுக்கிக் கட்டினா மதியம் வரைக்கும் பஞ்சு மாதிரி இருக்கும். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டவே வேண்டாம், வெயிலுக்கு ரெண்டு மணி நேரத்துல கெட்டுப்போகும்.

தயிர்சாதம்னா தயிர் ஒரு ஸ்பூன், பால் தாராளமா. குழைய வடிச்ச சாதத்துல காலையில கலந்தா மதியத்துக்குத்தான் தோயும், புளிக்காது. புளியோதரைக்கு இந்தக் கவலையே இல்ல. நல்லெண்ணெய் கை நிறைய ஊத்திப் பண்ணினா மறுநாளைக்கும் தாங்கும்.

இதையெல்லாம் எதுக்கு சொல்றேன்னா, நாங்க மூணு வேளைக்கும் கட்டிக்கிட்டுப் போகல. காலை டிபன் மட்டும்தான் வீட்டுது. பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மரத்தடியில ஆளுக்கு நாலு இட்லி. வயிறு நிறைஞ்சிருந்தா பிள்ளைங்க கண்ணு கடைப் பக்கம் போறதில்ல. போன தடவை காலையில அவசரத்துல பிஸ்கட்டோட கிளம்பினோம். பத்து மணிக்கே பசி. அந்த "இதர" 1,290-ல பாதி அந்தப் பசிதான்.

தண்ணிக்கு ரெண்டு லிட்டர் பாட்டில் மூணு, வீட்டுல இருந்தே. சுமக்கறது அவர் பொறுப்பு. வழியில மோரும் இளநீரும் மட்டும் வாங்கினோம், 180.

[காட்சி: சிறிய துணிச் சுருக்குப்பை. கயிற்றை இழுத்துத் திறக்கிறார் அத்தை.]

இதுதான் எங்க வீட்டு நிதி அமைச்சகம். கிளம்பறதுக்கு முன்னாடி அன்னைக்குச் செலவுக்கான பணத்தை நோட்டா எடுத்து அத்தையோட சுருக்குப்பையில போட்டுட்டோம். போன்ல ஸ்கேன் பண்ணிக் கொடுக்கும்போது 40 ரூபாயும் தெரியாது, 400 ரூபாயும் தெரியாது. அத்தைகிட்ட ஒரு நோட்டை வாங்கணும்னா "எதுக்கு?"ன்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்விக்கே பாதிச் செலவு நின்னுபோகும். நானே ரெண்டு தடவை கேட்க வந்துட்டு திரும்பிப் போனேன்.

பிள்ளைங்களுக்கு ஆளுக்கு 100 ரூபா, கையிலயே கொடுத்தாச்சு. "இது உன் காசு, என்ன வேணா வாங்கு, தீர்ந்தா தீர்ந்ததுதான்." பொண்ணு பத்தே நிமிஷத்துல பேர் எழுதின சங்கு ஒண்ணு வாங்கிட்டா. பையன் நாலு கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, பேரம் பேசி, கடைசியில எதுவும் வாங்காம 100 ரூபாயையும் பத்திரமா வீட்டுக்குக் கொண்டு வந்துட்டான். குதிரை சவாரிக்குப் போன தடவை அழுத அதே பையன்!

அப்புறம் ஒரு விளையாட்டு, காசில்லாதது. அர்ச்சுனன் தபசு முன்னாடி நிறுத்தி, "ஒரு பூனை முன்னங்கால் ரெண்டையும் தூக்கித் தவம் பண்ணுது, எங்க இருக்குன்னு கண்டுபிடி"ன்னு சொன்னேன். யானை காலடியில இருக்கும் அந்தப் போலிச் சாமியார்ப் பூனை, சுத்தி எலிங்க. அடுத்தது, பின்னங்காலால மூக்கைச் சொறியற மான். பக்கத்துலயே பேன் பார்க்கிற குரங்குக் குடும்பம். முக்கால் மணி நேரம் அந்தப் பாறையை விட்டு நகரல. போன தடவை அதே இடத்துல நாங்க செல்ஃபி எடுத்துட்டு அஞ்சு நிமிஷத்துல ஏசி காருக்கு ஓடினோம்.

[காட்சி: ஹோட்டல் பில் ஒன்று. பெயர் இருக்கும் மேல்பகுதி விரலால் மறைக்கப்பட்டிருக்கிறது.]

இப்ப வெளியில சாப்பிடறது. போன வருஷத்து 1,870 பில் இது, கடை பேரைச் சொல்ல வேண்டாம். கீழ பாருங்க, "சர்வீஸ் சார்ஜ்" பத்து சதவீதம், கிட்டத்தட்ட 160 ரூபா. அதுக்கு மேல ஜிஎஸ்டி வேற. சாதாரண ஹோட்டல்ல ஜிஎஸ்டி 5 சதவீதம், ரெண்டரை ரெண்டரையா பிரிச்சுப் போட்டிருப்பாங்க. அது அரசாங்கத்துக்கு, கொடுத்துதான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் அப்படி இல்ல. அதைக் கட்டாயப்படுத்தி பில்லுல சேர்க்கக்கூடாதுன்னு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலைலயே சொல்லிடுச்சு. 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணியாச்சு. எனக்கு அன்னைக்கு இது தெரியாது, கட்டிட்டு வந்துட்டேன். நீங்க "இதை எடுத்துடுங்க"ன்னு மெதுவா சொல்லுங்க. பரிமாறின தம்பிக்கு ஏதாவது கொடுக்கணும்னா நேரா அவர் கையில கொடுங்க.

மாமல்லபுரத்துல ரெண்டாவது தடவை சாப்பாட்டுக்கு 1,150 ஆச்சு. மூணு மீன் சாப்பாடு, ரெண்டு வஞ்சிரம் வறுவல். பிள்ளைங்க எங்க இலையில இருந்து சாப்பிட்டாங்களான்னு கேட்பீங்க. அன்லிமிடெட் மீல்ஸ்னா அதை ஒத்துக்க மாட்டாங்க, நியாயமும் இல்ல. அதனால அளவு சாப்பாடு போடற கடையாப் பார்த்துப் போனோம், கேட்டதுக்கு ரெண்டு சின்ன தட்டு சும்மாவே கொடுத்தாங்க.

வீட்டுல இருக்கிற ஞாயித்துக்கிழமைக்கு ஒரு விஷயம். நம்ம ஊர் ஹோட்டல்ல பார்சல் சாப்பாடு ஒண்ணு வாங்கினா சாதம் தாராளமா ரெண்டு பேருக்கு வரும். அஞ்சு பேருக்கு மூணு பார்சல் போதும், ரசமும் மோரும் மிஞ்சும். ஆனா பார்சலைப் பிரிச்சு வீட்டுல சாப்பிட்டா வெளியில போன மாதிரியே இருக்காதுன்னு பிள்ளைங்க சொல்றாங்க, அதுவும் உண்மைதான். அதனால நாங்க ராத்திரி டின்னரை விட்டுட்டு காலை டிபனுக்குப் போக ஆரம்பிச்சோம். காலையில குளிச்சு, நல்ல டிரஸ் போட்டு, பொங்கல், வடை, காபி. ராத்திரி ஆர்டர் பண்ற மாதிரி நூடுல்ஸ், பனீர், மில்க் ஷேக்னு பில் ஏறாது. கூட்டமும் கம்மி.

சினிமாவுக்குப் போறவங்களுக்கு ஒரு வரி. வெளிச் சாப்பாட்டைத் தடுக்க தியேட்டர்காரங்களுக்கு உரிமை இருக்குன்னு உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரில சொல்லிடுச்சு. ஆனா குடிக்க நல்ல தண்ணி இலவசமா வைக்கணும், கைக்குழந்தைக்கு எடுத்துட்டுப் போற சாப்பாட்டைத் தடுக்கக்கூடாதுன்னும் சேர்த்துதான் சொல்லியிருக்காங்க. பாப்கார்னுக்கு என்கிட்ட பதில் இல்ல.

[காட்சி: ரயில் ஜன்னல். இருட்டிலிருந்து மெல்ல வெளிச்சம். கும்பகோணம் பெயர்ப் பலகை.]

ரெண்டு மூணு நாள் லீவு. மே மாசம் ஊட்டி, கொடைக்கானல்னா ரூம் வாடகையைக் கேட்டாலே குளிர் எடுக்கும். நாங்க அதை விட்டுட்டு அரையாண்டு லீவுல கும்பகோணம் போனோம், மார்கழி மாசம். எழும்பூர்ல இருந்து தஞ்சாவூர் போற உழவன் எக்ஸ்பிரஸ் தாம்பரத்துல நிக்கும், ராத்திரி வண்டி. ஒரு ராத்திரி ரூம் வாடகை மிச்சம்.

இங்க நான் பண்ணின முட்டாள்தனத்தையும் சொல்லிடறேன். அஞ்சு வயசுக்குள்ளன்னா ரயில்ல டிக்கெட் இல்ல. அஞ்சுல இருந்து பன்னெண்டுக்குள்ள, பெர்த் வேண்டாம்னா அரை டிக்கெட், பெர்த் வேணும்னா முழு டிக்கெட். பையனுக்கு அரை டிக்கெட் போட்டு என்கூட படுக்க வச்சுக்கிட்டேன். ஒன்பது வயசுப் பையன், உதைக்கிறான்! ரெண்டு பேரும் தூங்கல, மறுநாள் பூரா அவன் சிடுசிடுன்னு இருந்தான். திரும்பி வரும்போது முழு டிக்கெட் எடுத்துட்டேன்.

வண்டி விடியறதுக்கு முன்னாடியே கும்பகோணம் போயிடும். அதனால ரூம் போடும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி வாடகை இல்ல, "செக்-அவுட் 24 மணி நேரமா, பகல் 12 மணியா?" பன்னெண்டு மணிக் கணக்குன்னா விடியற்காலையில நுழையறதுக்கே ஒரு நாள் வாடகை கேட்பாங்க. நம்ம ஊர் லாட்ஜ் பலதுல இன்னும் 24 மணி நேரக் கணக்கு இருக்கு. நேரா போன் பண்ணிக் கேளுங்க. எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, சுடுதண்ணி எத்தனை மணி வரைக்கும், அதையும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து 7,500 ரூபா வரைக்குமான ரூமுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான், பழைய 12 போட்டா கேளுங்க.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போற தூரத்துல ரூம் எடுங்க. கோயில் எல்லாம் மதியம் நடை சாத்திடுவாங்க, சாயங்காலம் நாலு மணி ஆகும் திறக்க. அந்த நாலு மணி நேரம்தான் குடும்பத்தோட காசைக் கரைக்கிற நேரம். வெயில், போக இடமில்ல, ஏசி இருக்கிற கடையா பார்த்து நுழைவோம். ரூம் பக்கத்துல இருந்தா வந்து ஒரு தூக்கம் போடலாம்.

தாராசுரம் கும்பகோணத்துல இருந்து நாலு கிலோமீட்டர். டவுன் பஸ்லயே போயிட்டு வந்தோம். இரண்டாம் ராஜராஜன் கட்டினது. மண்டபமே சக்கரம் வச்ச தேர் மாதிரி இருக்கும். பிள்ளைங்ககிட்ட சொன்ன புதிர்: "ஒரே தலை, ஒரு பக்கம் மூடிப் பார்த்தா யானை, இன்னொரு பக்கம் மூடிப் பார்த்தா காளை, எங்க இருக்கு?" மறுநாள் தஞ்சாவூர். 1010-ல முடிஞ்ச பெரிய கோயில். இதுவும் தாராசுரமும் யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கிற கோயில்கள், ரெண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. சாயங்காலமா போங்க, பகல்ல கல்லுல கால் வைக்க முடியாது.

[காட்சி: சுவரில் தினசரிக் காலண்டர். அத்தையின் விரல் அக்டோபர் 25-ல்.]

ரயில் முன்பதிவு இப்ப 60 நாள்தான், முன்னாடி இருந்த 120 நாளை 2024 நவம்பர்ல குறைச்சுட்டாங்க. டிசம்பர் 24 ராத்திரி கிளம்பணும்னா அக்டோபர் 25 காலையில எட்டு மணிக்குத் திறக்கும். எட்டு அஞ்சுக்கு உட்கார்ந்தா வெயிட்டிங் லிஸ்ட். அத்தை காலண்டர்ல அந்தத் தேதியைச் சுழிச்சு வச்சுட்டாங்க. பக்கத்துல சின்னதா எழுதியிருக்காங்க பாருங்க: "பையனுக்கு முழு டிக்கெட்."