பதம் தவறும் புரதம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆறு வயதுப் பையனை மடியில் இருத்திக்கொண்டு ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "மாசமா இருந்தப்ப நான் என்ன தப்பு பண்ணேன் டாக்டர்?" ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் பலர் இதையே கேட்கிறார்கள். சொந்தத்தில் கட்டியதுதான் காரணம் என்று அவர் மாமியார் முடிவே செய்திருந்தார். ரத்தப் பரிசோதனை சொன்னது வேறு. பையனுக்கு இருந்தது ஃப்ரஜைல் எக்ஸ் என்ற மரபணுக் கோளாறு. சொந்தத்தில் கட்டுவதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்றொரு மரபணு. 1991-இல் கண்டுபிடித்தார்கள். அதில் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்து பெரும்பாலோருக்கு 30 தடவை போல அடுத்தடுத்து வரும். அது 200-ஐத் தாண்டினால் மரபணு வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. அது தர வேண்டிய புரதமும் கிடைப்பதில்லை.

அந்தப் புரதம் செய்வது என்ன? நாம் ஒன்றைக் கற்கும்போது, நரம்பணுக்கள் ஒன்றோடொன்று இணையும் இடத்திலேயே புதுப் புரதங்கள் தயாராகின்றன. உலை பொங்கும்போது அடுப்பைத் தணிக்கிறோமே, அப்படி அந்தத் தயாரிப்பை அடக்கிவைப்பதுதான் அதன் வேலை. அது இல்லாதபோது தேவைக்கு மேல் புரதம் உண்டாகிறது. நரம்பணுவின் இணைப்பு முட்கள் முதிராமல், மெலிந்து நீண்டு கிடக்கின்றன.

அப்படியானால் புரதம் கூடினால்தான் ஆட்டிசமா? இல்லை. அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் பேர் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. டியூபரஸ் ஸ்க்ளிரோசிஸ் என்ற நோயிலும் ஆட்டிசம் வரலாம். அதற்கான மரபணுக் கோளாறுள்ள எலிகளின் மூளையில், இணைப்புகளில் புரதத் தயாரிப்பு குறைந்திருந்தது. ஃப்ரஜைல் எக்ஸ் எலிகளுக்கு நேர் எதிர். இரண்டு வகையையும் இணைசேர்த்தார்கள். இரு கோளாறும் சேர்ந்து பிறந்த குட்டிகளின் நினைவுத்திறன் சரியாக இருந்தது! அடுப்பு அதிகமானாலும் குறைந்தாலும் சோறு பதமாக வராது என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மூளையும் அப்படித்தான் போலும்.

ஆனால் எலிக்குப் பலித்தது பிள்ளைக்குப் பலிக்கவில்லை. அடுப்பைத் தணிக்கும் என்று நம்பிய மாவோகுளூரன்ட் மருந்து, ஃப்ரஜைல் எக்ஸ் உள்ளவர்களிடம் நடந்த சோதனைகளில் வெற்று மாத்திரையைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. 2014-இல் முயற்சியையே கைவிட்டார்கள். எத்தனையோ பெற்றோர் காத்திருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அதனால் "புரதத்தைச் சரிசெய்யும் மருந்து" என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். பேச்சுப் பயிற்சியை ஒருநாளும் நிறுத்தாதீர்கள்.

ஆட்டிசம் உள்ளவர்களில் சிறு பகுதியினருக்கே ஃப்ரஜைல் எக்ஸ் இருக்கும். ஆனாலும் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். அந்தத் தாய்க்குச் செய்தபோது, சி-ஜி-ஜி எண்ணிக்கை 55-க்கும் 200-க்கும் நடுவே இருந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அது நீண்டுவிடக்கூடும். அவருக்கும் அது தன் அப்பாவிடமிருந்து வந்திருக்கலாம்; அப்பாவுக்கு அது தெரிந்திருக்கவே வழியில்லை. இதில் யார் செய்த தப்பு, அம்மா?

அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "என் தங்கச்சிக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சு. அவளும் பாத்துக்கணுமா டாக்டர்?"

"கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன்.