டிடிடி பூசின குப்பியில சாகாத ஈ

வாழைப்பழம் ரெண்டு நாள் கூட இருந்துட்டா மேல மொய்க்குமே, செவப்புக் கண்ணு வச்ச குட்டியூண்டு பழ ஈ, இன்னைக்கு அதோட வயித்துக்குள்ள போய்ப் பாக்கப் போறோம்.

[திரையில்: ரெண்டு கண்ணாடிக் குப்பி]

ரெண்டு குப்பியிலயும் உள்பக்கம் டிடிடிங்கிற பூச்சிக்கொல்லி பூசியிருக்கு. ஒண்ணுல கேன்டன்-எஸ், டிடிடி புழக்கத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே லேபுக்கு வந்துட்ட வம்சம். இன்னொண்ணுல ஹிகோனே-ஆர், ஜப்பான்ல புடிச்ச ஈயோட வாரிசு. கேன்டன் ஈ கொஞ்ச நேரத்துல கால் வெடவெடன்னு நடுங்கி மல்லாந்துடும், ஏன்னா டிடிடி நரம்புல இருக்கிற சோடியம் வாசலை மூட விடாது, நரம்பு ஓயாம துடிச்சே ஈ செத்துடும். ஹிகோனே அது பாட்டுக்கு நடந்துட்டு இருக்கும்.

அப்போ ஹிகோனேகிட்ட புதுசா ஏதோ ஜீன் இருக்கான்னு கேட்டா, இல்லைங்க. சிப்6ஜி1-ன்னு ஒரு ஜீன், ரெண்டு ஈகிட்டயும் இருக்கு. விஷத்தை வேற பொருளா மாத்துற பி450 என்சைம் ஒண்ணை அதுதான் செய்யுது, ஈ உடம்புல இந்த மாதிரி பி450 ஜீன் 80க்கு மேல இருக்கு.

இதுல நிறைய ஜீன் சும்மா தூங்கும், விஷம் வந்தாத்தான் முழிக்கும். சிஎன்சிசி-ன்னு ஒரு புரதம், அதை கீப்1-ங்கிற இன்னொரு புரதம் புடிச்சு வச்சிருக்கும், விஷம் உள்ள வந்ததும் புடி விட்டுப்போய் சிஎன்சிசி நியூக்ளியஸுக்குள்ள ஓடி ஜீன்களை ஆன் பண்ணும். ஆனா ஹிகோனேல சிப்6ஜி1 விஷம் வர்றதுக்கு முன்னாடியே ஃபுல்லா ஓடிட்டு இருக்கு!

ஏன்னு 2002-ல கண்டுபுடிச்சாங்க. அந்த ஜீனுக்கு முன்னாடி அக்கார்டுங்கிற, இடம் விட்டு இடம் தாவும் டிஎன்ஏவோட துண்டு ஒண்ணு, 491 எழுத்துதான், எப்பவோ வந்து ஒட்டிக்கிச்சு. அதுவே சுவிட்சா மாறி, ஈயோட நடுக்குடல்ல, கொழுப்புத் திசுவுல, நம்ம கிட்னி மாதிரி வேலை பாக்கிற மால்பீஜியன் குழாய்ல எல்லாம் ஜீனை ஏத்தி விட்டுருச்சு. இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச சோதனை, அந்த மெல்லிசுக் குழாய்ல மட்டும் சிப்6ஜி1-ஐ அடக்கிப் பாத்தாங்க, மத்த உடம்பைத் தொடவே இல்ல, அப்பவும் டிடிடில ஈ சீக்கிரமா செத்துச்சு. அவ்ளோ சின்ன உறுப்புல வேலை பாத்த ஒரு ஜீன்தான் அதோட உசுரைப் புடிச்சு வச்சிருந்திருக்கு.

இன்னொண்ணும் பாத்தாங்க, இந்த ஹிகோனே ஈ இமிடாக்ளோபிரிடையும் தாங்குது, டிடிடிக்குப் பல வருஷம் கழிச்சு வந்த, முற்றிலும் வேற வகை பூச்சி மருந்து அது.