தொர்த்தியாவுக்கு ஒரு தடை, அதற்கு ஒரு வழக்கு: மெக்சிகோவில் நடந்தது என்ன?

[திரையில்: சூடேறிய மண் தட்டின் மேல் உப்பி எழும் மக்காச்சோள ரொட்டி]

2023 பிப்ரவரி 13 அன்று மெக்சிகோ அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தை மாவுக்கும் தொர்த்தியாவுக்கும் பயன்படுத்தக் கூடாது என்றது அந்த ஆணை. தொர்த்தியா என்பது மெக்சிகோ மக்கள் மூன்று வேளையும் சாப்பிடும் மெல்லிய ரொட்டி. உடனடித் தடை அவற்றுக்கு மட்டும்தான். கால்நடைத் தீவனத்துக்கும் ஆலைகளுக்கும் போகும் மக்காச்சோளத்தைப் படிப்படியாக மாற்றுவோம் என்றார்கள். அதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை.

அமெரிக்கா வழக்குத் தொடுத்தது. 2024 டிசம்பர் 20 அன்று, மூன்று பேர் கொண்ட வர்த்தகத் தீர்ப்புக் குழு ஒன்று, இந்த ஆணை அமெரிக்கா, மெக்சிகோ, கனடா மூன்றுக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. அமெரிக்கா அடுக்கிய ஏழு புகார்களும் ஏற்கப்பட்டன.

இதில் அமெரிக்காவுக்கு என்ன நஷ்டம் என்று முதலில் பார்த்துவிடுவோம். மெக்சிகோ ஆண்டுதோறும் சுமார் 500 கோடி டாலருக்கு அமெரிக்க மக்காச்சோளம் வாங்குகிறது. அதில் பெரும்பகுதி மஞ்சள் மக்காச்சோளம். கோழிக்கும் பன்றிக்கும் மாட்டுக்கும் தீவனமாகப் போவது. தொர்த்தியாவுக்கு வேண்டியது வெள்ளை மக்காச்சோளம். அதைப் பெரும்பாலும் மெக்சிகோவே விளைவித்துக்கொள்கிறது. ஆக, தடை தொட்டது மிகச் சிறிய வியாபாரத்தை. அதற்காகவா இவ்வளவு பெரிய வழக்கு?

அதற்காக இல்லை. ஒரு நாடு இதைச் செய்து தப்பிவிட்டால் இன்னொரு நாடும் செய்யும் என்ற பயம்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் விளையும் மக்காச்சோளத்தில் 90 சதவீதத்துக்கும் மேல் மரபணு மாற்றப்பட்டது. அதை விற்றாக வேண்டும். 2025 வர்த்தகப் பேச்சுகளில் இந்தியாவிடமும் இதே மக்காச்சோளத்தை வாங்கச் சொல்லி அமெரிக்கா வற்புறுத்தியது. நம் நாட்டில் பயிரிட அனுமதியுள்ள மரபணு மாற்றுப் பயிர் பருத்தி ஒன்றுதான்.

[திரையில்: தியோசிந்தே புல்லின் சிறு கதிர், பக்கத்தில் கருநீலம், சிவப்பு, வெள்ளைக் கதிர்கள்]

மெக்சிகோவுக்கு மக்காச்சோளம் வெறும் சரக்கு இல்லை. அந்தப் பயிர் பிறந்த இடமே அதுதான். தெற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்ற காட்டுப் புல்லிலிருந்து, சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் இதை உருவாக்கினார்கள். இன்றும் மெக்சிகோவில் 60 வகை அளவுக்கு நாட்டு இனங்கள் உண்டு. மலைச்சரிவுக்கு ஒன்று, வறண்ட மண்ணுக்கு ஒன்று, குறுகிய மழைக்கு ஒன்று. அவரையும் பூசணியும் கூடவே ஏறிப் படரும் மில்பா என்ற கலப்பு வயலில், விவசாயிகள் தம் கையால் விதை பொறுக்கி வைத்து இவற்றை உயிரோடு காத்திருக்கிறார்கள்.

சமைக்கும் முறையும் தனி. மணிகளைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் அரைக்கிறார்கள். இதற்கு நிஸ்தமால் என்று பெயர். சுண்ணாம்பு சேர்வதால் மணியில் கட்டுண்டு கிடக்கும் நயாசின் சத்து உடலில் சேர்கிறது. ஐரோப்பா மக்காச்சோளத்தை எடுத்துப்போனது. இந்த வித்தையை எடுத்துப்போகவில்லை. வட இத்தாலியில் மக்காச்சோளக் கூழே கதியென்று இருந்த ஏழைகள், நயாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா என்ற நோயில் விழுந்தார்கள். ஒரு தானியம் பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு, யார், எவ்வளவு, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதையும் சேர்த்தே விடை தேட வேண்டும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? மெக்சிகோ வழக்கில் முன்வைத்த வாதங்களில் ஒன்றும் இதுதான்: எங்கள் மக்கள் இதை நேரடியாக, நாள்தோறும், மிக அதிக அளவில் உண்கிறார்கள்.

[திரையில்: காற்றில் ஆடும் மக்காச்சோளப் பூந்தலை, பறக்கும் மகரந்தம்]

அடுத்த பிரச்சினை காற்று. மக்காச்சோளம் காற்றால் மகரந்தம் கலக்கும் பயிர். அதோடு, தின்னும் மணியே விதைக்கும் மணி. லாரியிலிருந்து சிந்தியதைப் பொறுக்கி ஒருவர் நட்டால் முளைத்துவிடும். மெக்சிகோ 1998 இலேயே மரபணு மாற்று மக்காச்சோளச் சாகுபடியை நிறுத்தி வைத்தது. ஆனால் 2001 இல் டேவிட் குவிஸ்ட், இக்னாசியோ சபேலா என்ற இரு ஆய்வாளர்கள், வாஹாக்கா மாநில மலைக் கிராமங்களின் நாட்டு மக்காச்சோளத்தில் மாற்று மரபணுக்களைக் கண்டதாக எழுதினார்கள். பெரிய சர்ச்சை வெடித்தது. வெளியிட்ட நேச்சர் அறிவியல் இதழே, சான்று போதாது என்று 2002 இல் பின்வாங்கியது. 2005 இல் வந்த ஓர் ஆய்வு எதுவும் இல்லை என்றது. 2009 இல் வந்த இன்னொன்று இருக்கிறது என்றது.

2004 இல் வட அமெரிக்க நாடுகளின் சுற்றுச்சூழல் ஒத்துழைப்பு ஆணையம் எளிய யோசனை ஒன்றைச் சொன்னது. மரபணு மாற்று மக்காச்சோளம் எல்லைக்குள் வரும்போதே அதை அரைத்துவிடுங்கள், மாவு முளைக்காது. எனக்கு இந்த யோசனை மிகவும் பிடிக்கும். அமெரிக்க அரசு அந்த அறிக்கையை ஏற்கவில்லை.

சரி, தீவனத்துக்கும் சேர்த்துத் தடை போடாமல் மெக்சிகோ ஏன் தயங்கியது? உண்மையில் முதலில் போடத்தான் பார்த்தது. 2020 டிசம்பர் 31 அன்று அதிபர் லோபஸ் ஓப்ரதோர் வெளியிட்ட ஆணை, மரபணு மாற்று மக்காச்சோளத்தையும் கிளைபோசேட் களைக்கொல்லியையும் 2024 ஜனவரி இறுதிக்குள் ஒழிக்கச் சொன்னது. தீவனமும் அதில் அடங்குமா என்பது தெளிவாக இல்லை. மக்காச்சோளம் விளையும் அமெரிக்க மாநிலங்களின் செனட்டர்கள் கொதித்தார்கள். 2022 நவம்பரில் அமெரிக்க வேளாண் அமைச்சர் டாம் வில்சாக் மெக்சிகோவுக்கே வந்து அதிபரைச் சந்தித்தார். பின்வாங்காவிட்டால் ஒப்பந்தப்படி நடவடிக்கை என்றார். மூன்று மாதத்துக்குள் பழைய ஆணை போய், தொர்த்தியாவோடு நின்றுகொண்ட புதிய ஆணை வந்தது. அதன் பிறகும் வழக்கு வந்தது. கனடாவும் மூன்றாம் தரப்பாக வந்து சேர்ந்தது.

பணிய வேண்டியிருந்ததன் வேர் 1994 இல் இருக்கிறது. இன்றைய ஒப்பந்தத்துக்கு முன் இதே மூன்று நாடுகளுக்கும் இடையே இருந்த நாஃப்டா வர்த்தக ஒப்பந்தம் கதவைத் திறந்ததும், மானியத்தில் விளைந்த மலிவான அமெரிக்க மக்காச்சோளம் உள்ளே குவிந்தது. சிறு விவசாயிகள் பலர் நிலத்தை விட்டு வெளியேறினார்கள். கோழிப்பண்ணைகளும் பன்றிப்பண்ணைகளும் அந்தத் தானியத்தை நம்பியே வளர்ந்தன. முட்டை விலையும் கறி விலையும் பக்கத்து நாட்டு வயலில் தீர்மானமாகும் நிலையில், எந்த அரசாலும் நிமிர்ந்து பேச முடியாது.

தீர்ப்பை நேர்மையாகப் படிக்க வேண்டும். மரபணு மாற்று மக்காச்சோளம் தீங்கற்றது என்று குழு சான்றிதழ் தரவில்லை. மெக்சிகோ உண்மையான கவலைகளை நல்லெண்ணத்தோடுதான் எழுப்புகிறது என்றும் சொன்னது. ஆனால் ஒப்பந்தம் கேட்கும் முறையான ஆபத்து மதிப்பீடு இல்லாமல் தடை போடப்பட்டது என்றது. இது மெக்சிகோவின் தவறுதான். தடைக்கு முன்பே அந்த ஆய்வைச் செய்து கையில் வைத்திருக்க வேண்டும். ஆனாலும் எனக்கு ஒரு மனக்குறை தீரவில்லை: 9,000 ஆண்டுப் பயிரைக் காப்பவர் ஆதாரம் கொண்டுவர வேண்டும், கலப்பு நேரலாம் என்று தெரிந்தும் முழு மணியாக விற்பவருக்கு அந்தச் சுமை இல்லை. இந்த விதியை நியாயம் என்று ஏற்க என்னால் முடியவில்லை.

[திரையில்: மெக்சிகோ நாடாளுமன்றம்]

தீர்ப்புக்கு இணங்க மெக்சிகோவுக்கு 45 நாள் கெடு. ஏற்றுமதியில் 80 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்காவுக்கே அனுப்பும் நாடு மெக்சிகோ. 2025 பிப்ரவரி முதல் நாள் டிரம்ப் மெக்சிகோ சரக்குகளுக்கு 25 சதவீத வரி விதித்துக் கையெழுத்திட்டார். பிப்ரவரி 3 அன்று அது ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது. பிப்ரவரி 5 அன்று மெக்சிகோ தொர்த்தியா தடையை விலக்கிக்கொண்டது.

ஆனால் புதிய அதிபர் கிளாடியா ஷெயின்பாம் வேறொரு கதவைத் தட்டினார். தீர்ப்பு இறக்குமதியையும் பயன்பாட்டையும் பற்றியது. சாகுபடியை அது தொடவில்லை. சாகுபடி அனுமதிகளை 2013 இலேயே நீதிமன்றம் முடக்கியிருந்தது. 2025 மார்ச் 17 அன்று அரசியலமைப்பே திருத்தப்பட்டது. மக்காச்சோளம் தேசிய அடையாளத்தின் கூறு; மெக்சிகோ மண்ணில் மரபணு மாற்று மக்காச்சோளம் விதைக்கக் கூடாது. ஓர் அதிபரின் ஆணையை அடுத்தவர் கிழிக்கலாம். அரசியலமைப்பை மாற்ற நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

இப்போது விதைக்கத் தடை. மணிகளோ அரைபடாமல், முளைக்கும் உயிரோடு, ரயிலிலும் கப்பலிலும் வந்துகொண்டிருக்கின்றன.