லயத்துப் பிள்ளைகளும் சுற்றுலாப் படிப்பும்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியாறு பக்கம் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை எதில் சேர்ப்பது? நர்சிங், பி.காம்., இல்லாவிட்டால் ஐ.டி.ஐ. சுற்றுலா மேலாண்மை படிக்கிறேன் என்று பிள்ளை வாயெடுத்தால், "ஓட்டல்ல தட்டு எடுக்கவா இவ்வளவு நாள் படிக்க வச்சோம்?" என்று அப்பா கேட்கிறார். நான் இந்தப் பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். அந்த அப்பாக்களுக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஓட்டல் மேலாண்மை வேறு, சுற்றுலா மேலாண்மை வேறு. சமையல், அறைப் பராமரிப்பு, விருந்தினர் வரவேற்பு எல்லாம் முதலாவதில் வரும். பயணத்தைத் திட்டமிடுவது, விலை போடுவது, டிக்கெட் பதிவு, ஓர் ஊர் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடுவது, வந்து போகிறவர்களால் அந்த ஊருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது, இதெல்லாம் இரண்டாவதில் வரும்.

விலை போடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தேனியிலிருந்து ஒரு குழுவை மூணாறுக்கு ஒரு நாள் அழைத்து வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பஸ் வாடகை 15,000 ரூபாய். சாப்பாடு, நுழைவுக் கட்டணம் சேர்த்து ஆளுக்கு 700. தலைக்கு 1,300 என்று விலை சொல்லிவிட்டீர்கள். 30 பேர் வந்தால் 3,000 ரூபாய் லாபம். 20 பேர்தான் வந்தார்கள் என்றால் அதே 3,000 ரூபாய் கைநட்டம். 25 பேர் வந்தால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. பஸ் வாடகை ஆள் எண்ணிக்கையைப் பார்த்துக் குறையாது, சாப்பாட்டுச் செலவு குறையும். இந்த வித்தியாசம் தெரியாமல் சீசனில் வண்டி எடுத்துக் கடனில் மாட்டிய குடும்பங்கள் நம் மலையில் நிறைய. முதல் வருடத்திலேயே இந்தக் கணக்கைக் கற்றுத்தருகிறோம்.

அடுத்தது, ஓர் இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்ற பாடம். இதுதான் எனக்கு மிகவும் நெருக்கமானது. இதற்கு உதாரணம் தேடி நான் வெளிநாடு போவதில்லை, மங்கலதேவி கண்ணகி கோயிலைத்தான் சொல்வேன். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற கோயில். வருடத்தில் சித்ரா பௌர்ணமி ஒரு நாள்தான் மக்களை அனுமதிக்கிறார்கள். அந்த ஒரு நாளுக்காக இடுக்கி, தேனி இரண்டு மாவட்ட நிர்வாகமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகின்றன. குமுளியிலிருந்து அனுமதி பெற்ற ஜீப்புகள் மட்டும் மேலே போகும். தமிழ்நாட்டுப் பக்கம் பளியங்குடி வழியாக நடந்து வருகிறவர்களுக்குப் பாதை தனி. பிளாஸ்டிக் கூடாது. எங்கே குடிதண்ணீர், எங்கே மருத்துவக் குழு என்பதுகூட முன்னாலேயே முடிவாகிவிடும். ஆயிரக்கணக்கானவர்கள் ஏறி இறங்கிய மறுநாள் காடு மறுபடியும் விலங்குகளுக்கு. நாம் சாமி கும்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். என் மாணவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு போய், வரிசை எங்கே நின்றது, ஏன் நின்றது, ஜீப் திரும்ப எவ்வளவு நேரமானது என்று குறித்துக்கொண்டு வருகிறார்கள்.

ரிச்சர்ட் பட்லர் என்ற புவியியலாளர் 1980-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒரு சுற்றுலாத் தலம் முதலில் சிலரால் கண்டறியப்படும். அப்புறம் உள்ளூர்க்காரர்கள் கடையும் தங்குமிடமும் போடுவார்கள். பிறகு வெளிப்பணம் வரும், வளர்ச்சி வேகமெடுக்கும், ஒரு கட்டத்தில் தேங்கிப்போகும். அதற்குமேல் அது சரியுமா, புது உயிர் பெறுமா என்பது அங்கே எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தது. வகுப்பில் இதைக் கரும்பலகையில் வரைந்துவிட்டு, மூணாறு இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் சண்டையே நடக்கும். டிசம்பர் கடைசியில் சாலையில் நகராமல் நிற்கும் வண்டிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், சும்மா இருப்பார்களா? 2024 மே முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் போகிற வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணையவழி முன்பதிவு வந்ததையும் அவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

என் ஆதங்கத்தை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் பிள்ளைகள் ஜீப் ஓட்டுகிறார்கள், பெட்டி தூக்குகிறார்கள், ரிசார்ட்டில் வேலை பார்க்கிறார்கள். எல்லாம் மரியாதையான உழைப்பு. ஆனால் எந்தப் பாதையைத் திறப்பது, எத்தனை வண்டி விடுவது, காசு யாருக்குப் போவது என்று முடிவாகிற இடத்தில் நம் பிள்ளைகளைக் காண்பது அரிது. தேக்கடியில் ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயணப் பட்டை, அதாவது காட்டு இலவங்கப் பட்டை, உரித்தவர்களே பின்னால் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் மாறினார்கள். 1990-களில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது வனத்துறை அவர்களுடைய காட்டறிவை மதித்துச் சேர்த்துக்கொண்டது. காட்டைத் தெரிந்தவருக்கு இடம் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதை நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். அந்த அறிவோடு கணக்கும் சட்டமும் திட்ட அறிக்கை எழுதும் திறமையும் சேரட்டும் என்றுதான் பிள்ளைகளைக் கூப்பிடுகிறேன்.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் செமஸ்டர் கஷ்டம்தான், மறைக்க மாட்டேன். புத்தகமும் தேர்வும் ஆங்கிலத்தில். என் வகுப்பில் முதலில் தமிழில் விளக்கச் சொல்வேன், அப்புறம் அதையே ஆங்கிலத்தில் பத்து வரி எழுதச் சொல்வேன். தினமும் எழுதுகிற பிள்ளை தேறிவிடுகிறது. மலையாளத்தையும் விடக்கூடாது. கடையில் பேசுகிற அளவு போதாது, பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்று பேசும் அளவுக்கு வேண்டும். இந்தியும் கொஞ்சம் வந்தால் நல்லது.

எங்கே படிப்பது? கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு பட்டப்படிப்பு வந்திருக்கிறது, மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறவும் வழி உண்டு. மேற்படிப்புக்குத் திருவனந்தபுரத்தில் 1988-ல் தொடங்கிய கிட்ஸ் (KITTS) என்ற சுற்றுலாக் கல்வி நிறுவனம் இருக்கிறது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் சுற்றுலா மேலாண்மைக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.டி.டி.எம்.முக்கு (IITTM) ஆந்திராவில் நெல்லூரில் ஒரு வளாகம் உண்டு. எந்தக் கல்லூரியானாலும் கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் களப்பயிற்சி எத்தனை வாரம், எந்த இடத்தில், வேலை என்ன என்று கேளுங்கள். ரிசப்ஷனில் சும்மா நிற்க வைப்பதைப் பயிற்சி என்று சொன்னால் அந்தக் கல்லூரி வேண்டாம்.

நீலக்குறிஞ்சி 2018-ல் பூத்தபோது ஆகஸ்ட் வெள்ளத்தில் சாலைகள் போய்விட்டன. பார்க்க நினைத்தவர்களில் பலரால் வர முடியவில்லை. அடுத்தது 2030. மூணாறு பக்கத்து இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு மேய்கிற சரிவுகளைப் பார்க்கக் கூட்டம் வரும். வண்டியை எங்கே நிறுத்துவது, மழை வலுத்தால் எந்த வழியாகக் கூட்டத்தை இறக்குவது, லயத்துப் பெண்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்கு எங்கே இடம் ஒதுக்குவது என்றெல்லாம் அதற்கு முன்பே எழுதி வைத்தாக வேண்டும். 2026-ல் நான்காண்டுப் படிப்பில் சேருகிற பிள்ளை 2030-ல் படிப்பை முடிக்கும். அந்தத் திட்டத்தை எழுதுகிறவர்களில் நம் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

நன்றி, வணக்கம்.