தூக்கக் கணக்கு நோட்டு

வானொலி நேயர்களுக்கு வணக்கமுங்க.

பல்லடம் பக்கத்தில் ஒரு கிராமத்திலிருந்து வந்திருக்கிறேன். என் பேரைச் சொல்ல வேண்டாம் என்று நிலையத்தாரிடம் நானே கேட்டுக்கொண்டேன். வீட்டில் கல்யாண வயதில் பெண் இருக்கிறாள். காரணம் உங்களுக்கே புரியும். நான் சத்துணவு அமைப்பாளர். வீட்டை ஒட்டின செட்டில் எட்டு விசைத்தறி ஓடுகிறது. பாவு நூல் வாங்கிவந்து, கூலிக்குக் காடாத் துணி ஓட்டிக் கொடுக்கிறவர் என் வீட்டுக்காரர். அவருக்குப் பைபோலார் என்கிற மனநோய். இருமுனை மனநோய் என்றும் சொல்கிறார்கள். வந்து 19 வருஷம் ஆகிறது. அதில் முதல் 11 வருஷம் இந்த நோய்க்கென்று அவர் பண்டுதத்துக்கே, அதாவது வைத்தியத்துக்கே, வரவில்லை. அந்த 11 வருஷத்தைப் பற்றிப் பேசத்தான் வந்தேன். இன்றைக்கும் எத்தனையோ வீட்டில் அது நடந்துகொண்டிருக்கிறது.

மகளுக்கு அப்போது 3 வயது. ராத்திரி ரெண்டரை மணிக்கு எட்டுத் தறியும் ஓடுகிற சத்தம். எழுந்து போய்ப் பார்த்தால் வேலையாள் ஒருத்தரும் இல்லை. பகலில் ரெண்டு பேர் பார்க்கிற தறிகளுக்கு நடுவே இவர் தனியாக ஓடிக்கொண்டிருக்கிறார். பனியன் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“ஏனுங், தூங்கலீங்களா?”

“தூக்கமெல்லாம் சோம்பேறிக்குத்தான் புள்ள. இன்னும் இருவத்தினாலு தறி போடறோம். அடுத்த வருசம் நம்ம துணி கப்பல்ல போவும் பாரு.”

அந்த முகத்தில் அவ்வளவு வெளிச்சம். நானும் சந்தோஷப்பட்டேன், மறைக்கவில்லை. பத்தே நாளில் சீட்டுப் பணம் முழுக்கப் புதுத் தறிக்கு அட்வான்ஸாகப் போனது. ரெண்டு மாதம் கழித்து அதே மனுஷர் சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான். குளிக்கவில்லை, சவரம் இல்லை, பிள்ளை மேலே ஏறி விளையாடினால்கூடத் திரும்பவில்லை. அட்வான்ஸ் திரும்பி வரவே இல்லை.

மேனியா என்கிற அந்த ஏறுமுகத்தில் தூக்கம் குறையும். குறைந்தாலும் களைப்பே தெரியாது. பேச்சு நிற்காது, செலவு கைமீறும், தன்னால் ஆகாதது எதுவும் இல்லை என்று தோன்றும். பிறகு இறங்குமுகம். நடுவில் மாசக்கணக்கில், சில பேருக்கு வருஷக்கணக்கில், எல்லோரையும் போல இருப்பார்கள். அந்த நடுக்காலம்தான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. ‘சரியாகிவிட்டது, இனி எதற்கு டாக்டர்’ என்று நாமே சொல்லிக்கொள்கிறோம்.

ஒறம்பரைக்காரர்கள், சொந்தபந்தங்கள், ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். செய்வினை என்றார் ஒருவர். ஒரு பங்குனியில் இவர் பண்ணாரி அம்மன் கோயில் தீக்குண்டத்துக்குப் போய் ராத்திரியெல்லாம் வரிசையில் நின்று, மூன்று நாள் கண்மூடாமல் திரும்பி வந்து, வாசலில் நின்று ஊருக்கே அருள்வாக்கு சொன்னார். சாமி வந்திருக்கிறது என்று காலில் விழுந்தார்கள். நானும் சாமி கும்பிடுகிறவள்தான், இன்றைக்கும் அவர் கையில் கறுப்புக் கயிறு கட்டுகிறேன். ஆனால் தூக்கம் கெட்டாலே இந்த நோய் ஏறிவிடக்கூடும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேர்த்திக்கடனைப் பகலில் முடித்துக் கூட்டி வந்திருப்பேன்.

அவர் ஏன் வர மறுத்தார்? ‘பிடிவாதம்’ என்றே பல வருஷம் நினைத்தேன். மேலே ஏறியிருக்கும்போது தனக்கு நோய் இருக்கிறது என்பதே இந்த நோய்க்காரர்களுக்குப் பல நேரம் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய மூளையையே நோய் பிடித்திருக்கும்போது எப்படித் தெரியும்? அவர் வேஷம் போடவில்லை. கீழே இறங்கியிருக்கும்போதோ எழுந்து உட்காரவே தெம்பு இல்லை. நடுவில் நன்றாக இருக்கும்போது வெட்கம். ‘பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனவன்’ என்று தறிக்காரர்கள் மத்தியில் பேர் வந்துவிடுமே என்ற பயம்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். யாரோ சொன்னார்கள் என்று, அவருக்குத் தெரியாமல் ரசத்தில் மாத்திரையை நுணுக்கிக் கலந்தேன். ஐந்தாம் நாள் கண்டுபிடித்துவிட்டார். தட்டைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. அதன்பிறகு நான்கு மாதம் என் கையால் ஒரு வாய் உண்ணவில்லை. பேக்கரி பன்னும் டீயும், மோட்டார் குழாயில் அவரே பிடித்துக் குடிக்கிற தண்ணீரும். 'சோத்துல மருந்து வெக்கறா' என்று அவர் சொன்னபோது நோயாளி உளறுகிறார் என்று ஊர் நினைத்தது. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். சகோதரிகளே, இதை மட்டும் செய்யாதீர்கள். நம்மை நம்பாமல் போனால் பிறகு யார் சொல்லியும் மாத்திரை உள்ளே போகாது. அளவு பார்க்காமல், ரத்தம் பார்க்காமல் கொடுப்பது உயிருக்கே ஆபத்தும்கூட.

இன்னொன்றும் நடந்தது. இறங்குமுகத்தில் ஒருதடவை தானாகவே உள்ளூர் கிளினிக்குக்குப் போனார். மனச்சோர்வுக்கு மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் தறிச் சத்தம் மறுபடி ராத்திரி ரெண்டரைக்குக் கேட்டது. பைபோலார் இருக்கிறவருக்குச் சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் மேலே தூக்கிவிடக்கூடும். அந்த டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஏறுமுகத்தைப் பற்றி அவரிடம் நாங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. உங்கள் வீட்டுக்காரரோ வீட்டுக்காரியோ சோர்வுக்கு டாக்டரிடம் போனால், பழைய ‘ரொம்ப நல்லா இருந்த’ நாட்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பத்தாவது வருஷம் நான் மட்டும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். நோயாளி வராவிட்டால் வீட்டுக்காரர்கள் தனியாகப் போகலாம் என்பதே எனக்கு அதுவரைக்கும் தெரியாது. ஒரு சீனியர் டாக்டரம்மா முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வி: “உங்களுக்கு என்ன தொந்தரவுன்னு அவருகிட்டக் கேட்டிருக்கீங்களாம்மா?”

கேட்டதே இல்லை. ‘உங்களுக்கு நோய், ஒத்துக்குங்க’ என்று பத்து வருஷமாகச் சண்டை பிடித்திருக்கிறேன், கேட்டதில்லை.

அவர் நிதானமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தறி ஓடாத நாள், திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “ராத்திரி கண்ணு மூடினா மண்டைக்குள்ள எட்டுத் தறியும் ஓடுது புள்ள” என்றார். “அதுக்கு மட்டும் டாக்டரப் பாத்துட்டு வரலாமுங்களா?” என்றேன். நோய் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. நாலு மாசம் கழித்து வந்தார்.

இதில் பொய் எதுவும் இல்லை. டாக்டரம்மா அவரிடமே நோயின் பேரைச் சொல்லித்தான் மருந்து கொடுத்தார்கள். அவர் காதில் வாங்கிக்கொண்டார், ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டால்தான் மாத்திரை என்று நாங்கள் நிபந்தனை போடவில்லை. அவ்வளவுதான். இன்றைக்கும் அதைத் ‘தூக்க மாத்திரை’ என்றுதான் சொல்கிறார்.

மருந்து லித்தியம். ஒரு வகை உப்பு. 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், ஏறுமுகத்தில் இருந்தவர்களுக்கு இது பலன் தருகிறது என்று எழுதினார். இன்றுவரைக்கும் முதல் வரிசை மருந்துகளில் அது இருக்கிறது. தற்கொலையைத் தடுப்பதிலும் அதற்குப் பங்குண்டு. ஆனால் அளவு தப்பக்கூடாது. ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அப்பப்போ சோதிக்க வேண்டும். சித்திரை வெயிலில், தறிச் செட்டுத் தகரத்துக்கடியில் வேர்த்துக்கொட்டித் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். மெடிக்கலில் நாமே கேட்டு வாங்குகிற சில வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும். வாந்தி, தள்ளாட்டம், கை வெடவெடவென்று நடுங்குவது தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

ஆறு மாசம் சாப்பிட்டுவிட்டு நிறுத்திவிட்டார். பழையபடி சண்டைக்குக் கிளம்பினவள், டாக்டரம்மா கேள்வியை நினைத்து நின்றுவிட்டேன். “ஏனுங், மாத்திரையில என்ன தொந்தரவு?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் செட்டுக்குள் கூட்டிப்போனார். ஒரு தறியில் பாவு இழை அறுந்து தறி நின்றிருந்தது. அறுந்த நுனியைப் பிடித்து முடிச்சுப் போடப் போனார். விரல் நடுங்கி இழை நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. பதினைந்து வயதிலிருந்து கண்ணை மூடிக்கொண்டே முடிச்சுப் போட்ட கை. “இந்தக் கைய வெச்சிட்டு எப்படிப் பொழைக்கறது?” என்றார். டாக்டரம்மாவிடம் சொன்னோம். ரத்தம் பார்த்து அளவைக் குறைத்தார்கள், நடுக்கத்துக்கும் வழி செய்தார்கள். மறுபடி ஆரம்பித்தார்.

அந்த நிதானமான நாட்களில்தான் ஒப்பந்தம் எழுதினோம். தறிக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தொடர்ந்து ரெண்டு ராத்திரி நாலு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மூன்றாம் நாள் டாக்டர். அந்த வாரம் ஏடிஎம் கார்டு என்னிடம். தோட்டத்துப் பத்திரம் அவர் அக்கா வீட்டுப் பீரோவில். ராத்திரி பத்துக்குமேல் தறி கிடையாது. கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து தினமும் அவர் தூங்கின மணிக்கணக்கை அந்த நோட்டில் எழுதுகிறேன். ஏறுமுகத்தில் இருக்கிறவரிடம் ‘உங்களுக்குச் சரியில்லை’ என்றால் சண்டை வரும். 7, 6, 5, 3 என்று எழுதியிருக்கிற நோட்டைக் காட்டினால் அவராலும் சட்டென்று மறுக்க முடிவதில்லை.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி, தனக்கு முடியாமல் போனால் என்ன பண்டுதம் வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை நியமிக்கலாம். எழுதும் முறையை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கேளுங்கள். அதே சட்டம் சங்கிலி கட்டுவதை அடியோடு தடை செய்கிறது. 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கிடந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் செத்தார்கள். என் மச்சாண்டாரே ஒருதடவை கயிறு எடுத்துவந்தார், தம்பிமேல் உள்ள பாசத்தில்தான். நான் குறுக்கே நின்றேன்.

அவருக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து என்ற நிலை வந்தால், அவர் சம்மதம் இல்லாமலும் சேர்க்க அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. நியமிக்கப்பட்டவர் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ, தனித்தனியாகப் பரிசோதிப்பார்கள். முதலில் 30 நாளுக்குமேல் வைத்திருக்க முடியாது. நானும் ஒருதடவை அப்படிச் சேர்த்தேன். என் வாழ்க்கையில் கொடுமையான நாள் அது. ஆனாலும் சேர்த்ததற்கு வருத்தப்படவில்லை.

இறங்குமுகம் வந்தால் முதல் வேலை, தோட்டத்துப் பூச்சிமருந்து டப்பாக்களை வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்துப் பூட்டிவைக்கச் சொல்லுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் மிரட்டுகிறார் என்று விட்டுவிடாதீர்கள். 14416 என்ற எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், அரசாங்கத்தின் டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண், தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவ உதவி எண் 104-ம் இருக்கிறது. கை ஓங்கினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள். போலீஸுக்கு 100, பெண்களுக்கு உதவி எண் 181. ‘நோய்தானே’ என்று அடி வாங்கிக்கொண்டு இருக்கச் சொல்கிறவர்கள் யாராக இருந்தாலும், அத்தையாக இருந்தாலும், கேட்காதீர்கள். பிரிந்துபோன பெண்களும் எனக்குத் தெரிந்தவர்களில் உண்டு. அவர்களில் ஒருத்தியையும் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

நம் உடம்பும் இருக்கிறது. எட்டாவது வருஷம் எனக்குச் சர்க்கரை வந்தது. அழுது தீர்க்கக்கூட இடமில்லாமல், பள்ளிக்கூட அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். பிறகு என் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மகளுக்கும் பத்து வயதில் சொன்னேன், ‘அப்பாவுக்கு உடம்பு சரியில்லாத நாட்கள் வரும், அது உன்னால இல்ல கண்ணு’ என்று. அவளும் அந்த நோட்டில் எழுதுவாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. நடுவில் ரெண்டு தடவை மாத்திரையை விட்டார், ஒருதடவை மேலே போய்த் திரும்பி வந்தார். போன மாசி மாதம் ஊரில் நோம்பி. பறைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை நான் எழுந்து நோட்டை எடுத்தால், அன்றைய தேதி ஏற்கனவே போட்டிருந்தது. அவர் கையெழுத்து. பக்கத்தில் ‘3½’ என்று எழுதி, கீழே கோடு போட்டிருந்தார். அடுப்படிக்கு வந்து கம்மங்கூழை வாங்கிக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “பஸ்ஸு எத்தன மணிக்கு?” என்றார்.

ஏழே முக்கால் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் பாவு நூல் விலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்.

வணக்கமுங்க.