டயாலிசிஸ் குழாய் வயிற்றுக்குள் ஏன் அடைத்துக்கொள்கிறது? நுண்துளை அறுவை சிகிச்சை தரும் விடை

[திரையில்: கம்பத்தில் தொங்கும் டயாலிசிஸ் பை, அதிலிருந்து இறங்கும் குழாய்.]

வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக இரண்டு லிட்டர் டயாலிசிஸ் திரவம் தடையில்லாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. நான்கு மணி நேரம் கழித்து அதே குழாயைத் திறந்துவிட்டால் அரை லிட்டர்கூட வெளியே வருவதில்லை. கிளாம்ப் திறந்தே இருக்கிறது, வெளியே தெரியும் குழாயில் மடிப்பு எதுவும் இல்லை, வடிகால் பை தரையில் தாழ்வாகத்தான் கிடக்கிறது. அப்படியானால் உள்ளே போக விட்ட குழாய், வெளியே வர மட்டும் விடாதது ஏன்?

வணக்கம். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வயிற்று டயாலிசிஸ் குழாயை லேப்ராஸ்கோபி மூலம், அதாவது நுண்துளை அறுவை சிகிச்சை மூலம் பொருத்துவதைப் பற்றிய வீடியோ இது. தழும்பு சிறியது, வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்றுதான் இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. என்னைக் கேட்டால், இவையெல்லாம் துணைப் பயன்கள். நான் இப்போது கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டால், இதன் முதன்மையான பயன் எது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் குடலையும் வயிற்றுச் சுவரின் உட்புறத்தையும் பெரிட்டோனியம் என்ற மெல்லிய சவ்வு போர்த்தியிருக்கிறது. குளுக்கோஸ் கலந்த திரவத்தை இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் நிரப்பினால், ரத்தத்தில் தேங்கிய கழிவுகள் சவ்வைக் கடந்து திரவத்துக்குள் வருகின்றன; குளுக்கோஸ் அதிகப்படியான நீரையும் இழுத்துக்கொள்கிறது. சில மணி நேரம் கழித்து அதை வடித்துவிட்டுப் புதிய திரவத்தை ஏற்ற வேண்டும். பொதுவாக நாளொன்றுக்கு நான்கு முறை, வீட்டிலேயே, ஊசி குத்தாமல் செய்துகொள்ளலாம். 1923-இல் ஜெர்மனியில் கியோர்க் கான்டர் இதை முயன்று பார்த்தார். 1968-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹென்றி டென்காஃப் உருவாக்கிய சிலிக்கோன் குழாய்தான் இன்றும் பெரும்பாலும் பயன்படுகிறது. 1976-இல் டெக்ஸஸைச் சேர்ந்த பாப்போவிச், மான்கிரீஃப் இருவரும் முன்வைத்த முறையே நாம் இன்று சிஏபிடி (CAPD), அதாவது நடமாடியபடியே தொடர்ந்து செய்துகொள்ளும் வயிற்று டயாலிசிஸ் என்று அழைப்பது. வரலாறு இவ்வளவு போதும்.

[திரையில்: டென்காஃப் குழாயின் அண்மைக் காட்சி.]

இந்தக் குழாயைச் சற்று நெருங்கிப் பாருங்கள். மென்மையான சிலிக்கோனால் ஆன இதன் உள்முனை சுருள் வடிவத்தில் இருக்கிறது, அந்தப் பகுதி முழுவதும் சிறுசிறு பக்கத் துளைகள். நடுவே வெள்ளை நிறத்தில் இரண்டு வளையங்கள் தெரிகின்றன அல்லவா, அவை டாக்ரான் என்ற இழையால் ஆனவை. சில வாரங்களில் உடலின் திசு அந்த இழைகளுக்குள் வளர்ந்து குழாயை இறுகப் பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து கிருமிகள் குழாயை ஒட்டியே உள்ளே வருவதற்கும் அது தடையாகும். சுருள் முனை இருக்க வேண்டிய இடம் இடுப்பெலும்புக் குழியின் அடிப்பகுதி. நிற்கும்போதும் உட்காரும்போதும் திரவம் கடைசியாகத் தேங்குவது அங்கேதான்.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். திரவம் வெளியே வராததற்கு மிகச் சாதாரணமான காரணம் மலச்சிக்கல். நிறைந்திருக்கும் குடல் குழாயை நெருக்கிவிடுகிறது அல்லது இடம்பெயரச் செய்கிறது. அதனால்தான் குழாய் வடியவில்லை என்றதும் மருத்துவர்கள் முதலில் பேதி மருந்து கொடுத்துப் பார்க்கிறார்கள். அது உதவவில்லை என்றால் எஞ்சுவன பெரும்பாலும் மூன்று: குழாயின் முனை இடுப்புக் குழியிலிருந்து விலகி மேலே ஏறியிருக்கலாம், பழைய அறுவை சிகிச்சையால் உண்டான ஒட்டுதல்கள், அதாவது உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் தழும்புத் திசுக்கள், அதைச் சிறைப்படுத்தியிருக்கலாம், ஓமென்டம் அதைச் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

இந்த ஓமென்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசப்போகிறேன், ஏனென்றால் வயிற்றுக்குள் இருக்கும் உறுப்புகளில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுதான். இரைப்பையின் கீழ் விளிம்பிலிருந்து குடலுக்கு முன்பாகத் தொங்கும், கொழுப்பு படிந்த ஒரு விரிப்பு இது. வயிற்றின் காவலர் என்று அறுவை சிகிச்சை மருத்துவர்கள் இதை அழைப்பதுண்டு. குடல்வால் அழன்று வெடிக்கும் நிலைக்கு வந்தால், பெரும்பாலும் இது அங்கே போய் ஒட்டிக்கொண்டு, சீழ் வயிறு முழுவதும் பரவாதபடி அந்த இடத்தை மூடிவிடும். உயிர் காக்கும் இதே குணம் டயாலிசிஸ் குழாய்க்கு எதிராகத் திரும்பிவிடுகிறது. திரவம் வடியும்போது குழாயின் பக்கத் துளைகளில் ஒரு இழுவிசை உண்டாகிறது. அருகில் தொங்கும் ஓமென்டத்தின் நுனி அந்தத் துளைகளுக்குள் இழுபட்டுச் செருகிக்கொள்கிறது. உள்ளே வரும் திரவம் அதைத் தள்ளிவிட்டுப் போய்விடும், வெளியேறும் திரவமோ அதை மேலும் இறுக்கமாக இழுத்து அடைத்துவிடும். வழி ஒருபக்கம் மட்டும் மூடுவதன் காரணம் இதுதான். பெண்களில் சில வேளை கருக்குழாயின் விரல் போன்ற நுனிகள்கூட இந்தத் துளைகளுக்குள் புகுந்து இதே வேலையைச் செய்துவிடுகின்றன என்பதை முதலில் படித்தபோது எனக்கு வியப்பு அடங்கவே இல்லை.

ஓமென்டம் எல்லோருக்கும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. சிலருக்கு அது தொப்புள் மட்டத்தோடு நின்றுவிடும், சிலருக்கு இடுப்புக் குழி வரை இறங்கியிருக்கும். யாருக்கு எப்படி என்பது வெளியிலிருந்து பார்த்துச் சொல்லக்கூடியதல்ல. அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசியும் கம்பியும் கொண்டு கட்டிலிலேயே குழாய் பொருத்தும் முறை நல்ல முறைதான். சிறிய கீறல் போட்டுத் திறந்து பொருத்தும் பழைய முறையும் ஏராளமானவர்களுக்கு நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. ஆனால் முதல் முறையில் வயிற்றின் உட்புறம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, இரண்டாவதில் கீறலுக்கு நேர்கீழே உள்ள இடம் மட்டுமே தெரிகிறது.

[திரையில்: கேமராவின் பார்வையில் வயிற்றின் உட்புறம், அனிமேஷன்.]

லேப்ராஸ்கோப், அதாவது சிறு துளை வழியாக வயிற்றுக்குள் பார்க்க உதவும் கேமராக் கருவி, உள்ளே நுழைவது இந்த இடத்தில்தான். 1910-இல் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் யாகோபேயஸ், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் கருவியை மனிதர்களின் வயிற்றுக்குள் செலுத்திப் பார்த்த அனுபவத்தை வெளியிட்டார். அவர் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் வயிற்றில் நீர் கோத்திருந்தவர்கள். நீரை வடித்துவிட்டு அந்த இடத்தில் காற்றை நிரப்பி உள்ளே பார்த்திருக்கிறார். திரவத்தை ஏற்றி வடிப்பதையே சிகிச்சையாகக் கொண்ட வயிற்று டயாலிசிஸுக்கு இந்தக் கருவி பின்னாளில் துணைவந்தது எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது.

அறுவை சிகிச்சை மேசைக்குப் போவதற்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. குழாய் தோலிலிருந்து வெளியே வரும் இடத்தை, நோயாளி உடுத்தியிருக்கும்போதே, அவரை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் பார்த்து மையால் குறிக்க வேண்டும். பேன்ட்டின் பெல்ட், வேட்டிக் கட்டு, பாவாடை நாடா இறுகும் கோடு எங்கே ஓடுகிறது, உட்கார்ந்தால் வயிற்றுச் சதை எங்கே மடிகிறது, தலையைக் குனிந்தால் அந்த இடம் அவர் கண்ணுக்கே தெரிகிறதா என்பதையெல்லாம் கவனித்த பிறகே அந்தப் புள்ளி முடிவாக வேண்டும். மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்த பிறகு குறித்தால், எழுந்து நிற்கும்போது அந்தப் புள்ளி நாடாவுக்கு அடியில் போய்விடும், உரசல் புண்ணாகும், புண்ணில் தொற்று வரும். இந்தச் சில நிமிடங்களை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பிறகு பொது மயக்கம். சிறுநீர்ப்பை காலியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு, ஒரு சிறு துளை வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை விரிக்கிறார்கள். 5 மில்லிமீட்டர் அளவுள்ள கேமரா உள்ளே போகிறது. கல்லீரல் முதல் இடுப்புக் குழி வரை அனைத்தும் திரையில் விரிந்ததும் அறுவை சிகிச்சை மருத்துவர் செய்யக்கூடியவைதாம் இந்த வீடியோவின் உயிர்நாடி.

முதலாவது, குழாய் போகும் வழி. வயிற்றுச் சுவரை நேராகத் துளைத்துக் குழாயை உள்ளே விட்டால், வளைத்து வைத்த சிலிக்கோன் தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப முயன்று, முனையை மேல்நோக்கித் தள்ளிவிடக்கூடும். அதனால் வயிற்றின் முன்பக்கத் தசையின் உறைக்குள், கீழ்நோக்கிச் சாய்வாக, சுமார் 4 முதல் 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு ஒரு சுரங்கம் அமைத்து, அதன் வழியாகக் குழாயை இடுப்புக் குழியை நோக்கிச் செலுத்துகிறார்கள். குழாயின் திசை தசைக்குள்ளேயே நிலைபெற்றுவிடுவதால் முனை எளிதில் மேலே ஏறுவதில்லை. உள்வளையம் தசைக்குள் அமர்வதால் திரவக் கசிவும் குறைகிறது.

இரண்டாவது, ஓமென்டம். அது இடுப்புக் குழி வரை தொங்குவது திரையில் தெரிந்தால், அதைப் பிடித்து மேலே தூக்கி, மேல் வயிற்றுச் சுவரோடு ஒரு தையல் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். வயலில் இறங்கும் முன் ஒரு பெண் முந்தானையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொள்வாள் அல்லவா, ஏறத்தாழ அதே செயல்தான் இது. துணி வெட்டப்படுவதில்லை, அதன் பயனும் போவதில்லை, நீரிலும் சேற்றிலும் படாமல் வழிவிட்டு நிற்கிறது. ஓமென்டத்தையே வெட்டி எடுத்துவிடும் வழக்கமும் உண்டு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு. பெரியவர்களைப் பொறுத்தவரை, தொற்றைத் தடுக்கும் ஓர் உறுப்பை உடலிலேயே வைத்துக்கொண்டு, வழியிலிருந்து மட்டும் அதை விலக்கும் இந்த முறைதான் எனக்கு மேலானதாகத் தோன்றுகிறது.

ஒட்டுதல்கள் இருந்தால் பார்த்தபடியே விடுவிக்கலாம்; வெளியில் தெரியாத குடலிறக்கம் கண்ணில் பட்டால் அதையும் அப்போதே சரிசெய்யலாம். சிசேரியனோ குடல்வால் அறுவை சிகிச்சையோ முன்பு செய்துகொண்டவர்கள், தங்களுக்கு வயிற்று டயாலிசிஸ் ஒத்துவராது என்று தாங்களாகவே முடிவுகட்டிவிட வேண்டியதில்லை. உள்ளே பார்த்த பிறகே அது தெரியும்.

கடைசியாக ஒரு சோதனை. குழாய் வழியாக உப்புநீரை ஏற்றி, மேசையிலேயே வடித்துப் பார்க்கிறார்கள். தடையின்றி வடிந்தால்தான் கேமரா வெளியே வரும். வடியவில்லை என்றால் காரணத்தை அப்போதே தேடிச் சரிசெய்யலாம்.

[திரையில்: 95, 80 என்ற இரு எண்கள்.]

சர்வதேச பெரிட்டோனியல் டயாலிசிஸ் சங்கம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் மருத்துவமனைகளுக்கு ஓர் இலக்கு இருக்கிறது. சுரங்கமும் ஓமென்டத் தையலும் அடங்கிய மேம்பட்ட லேப்ராஸ்கோபியில் பொருத்திய குழாய்களில் 95 சதவீதத்துக்கும் மேல் ஓராண்டுக்குப் பிறகும் அடைப்பின்றி இயங்க வேண்டும். மற்ற எல்லா முறைகளுக்கும் அந்த இலக்கு 80 சதவீதத்துக்கு மேல். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கேமராவை உள்ளே விட்டு, குழாய் போய்ச் சேர்ந்ததை வெறுமனே பார்த்துவிட்டு வெளியே எடுப்பதால் மட்டும் திறந்த அறுவை சிகிச்சையைவிடத் தெளிவான பலன் கிடைக்கிறது என்று ஆய்வுகள் ஒருமித்துச் சொல்லவில்லை. பார்த்ததைக் கொண்டு என்ன செய்தார்கள் என்பதில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது.

எல்லோருக்கும் இதுவே ஏற்றது என்று நான் சொல்லமாட்டேன். பொது மயக்கத்தையும் வாயு அழுத்தத்தையும் பலவீனமான இதயமும் நுரையீரலும் தாங்காமல் போகலாம். அத்தகையவர்களுக்குக் கட்டிலிலேயே பொருத்தும் முறைதான் பாதுகாப்பு. பெரிட்டோனைட்டிஸ் என்ற வயிற்றுத் தொற்றையும் இந்த முறை தானாகத் தடுத்துவிடாது. அது பெரும்பாலும் பையை மாற்றும் கைகளின் சுத்தத்தையும் பயிற்சியையும் பொறுத்தது.

குழாய் பொருத்திய பிறகு பொதுவாக இரண்டு வாரம் காத்திருந்துதான் முழு அளவில் டயாலிசிஸ் தொடங்குவார்கள். அவசரம் என்றால், நோயாளியைப் படுக்கவைத்துக் குறைந்த அளவு திரவத்தோடு முன்பே தொடங்கலாம். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, காயத்தின் மேல் போட்ட கட்டை நனைக்கக் கூடாது, குழாய் இழுபடாமல் தோலோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும், மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சிஏபிடி பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையும் இருக்கிறது. ரத்தத்தை இயந்திரத்தில் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் மையம் தொலைவில் உள்ள ஊர்க்காரர்கள் உங்கள் பகுதிச் சுகாதார நிலையத்தில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் குழாய் பொருத்த நாள் குறித்திருந்தால், இந்த வீடியோவை இப்போதே அவர்களுக்கு அனுப்புங்கள். சிறுநீரகவியல் மருத்துவரிடமும் அறுவை சிகிச்சை மருத்துவரிடமும் அவர்கள் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: குழாய் வெளியே வரும் இடத்தை நான் உட்கார்ந்தும் நின்றும் இருக்கும்போது குறிப்பீர்களா? குழாயைத் தசைக்குள் சுரங்கம் அமைத்துச் செலுத்துவீர்களா? ஓமென்டம் கீழே தொங்கினால் என்ன செய்வீர்கள்? கிடைத்த பதில்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். அடுத்து நாள் குறித்திருப்பவர்கள் அதைப் படிப்பார்கள்.